மதியத்துக்கு மேல் அப்பா முறை

— இந்தக் கட்டில் வேண்டாம்னு அப்பவே சொன்னேன். ஏணியைப் பாருங்க, சுவர் மாதிரி நேரா நிக்குது. சின்னவ தூக்கக் கலக்கத்துல இறங்கினா மண்டை உடையும்.

— சின்னவ எதுக்கு இறங்கணும்? அவ கீழடுக்குல படுப்பா. மேலே நம்ம டீச்சரம்மா. என்ன டீச்சரம்மா, சரிதானே?

— நான் டீச்சர் இல்லப்பா. ரெண்டாங்கிளாஸ்.

— ரெண்டாங்கிளாஸ்லயே இவ்வளவு அதிகாரமா, தாயே. சரி சரி, விடு. கடைக்காரன்கிட்ட இதையே பில் போடச் சொல்லிடவா? பாதி வாரம் படுக்கிறதுக்கு இது போதும்.

— பாதி வாரம்னாலும் படுக்கப் போறது என் பிள்ளைங்க.

— உன் பிள்ளைங்களா?

— நம்ம பிள்ளைங்க. வார்த்தையைப் பிடிச்சுக்கிட்டுத் தொங்காதீங்க. உங்க புது வீட்டுல உட்கார ஒரு ஸ்டூல் கூடக் கிடையாது. அங்க கூட்டிட்டுப் போய் இதுங்களை எங்க படுக்க வைப்பீங்களோன்னுதான் நானும் வந்தேன்.

— நீ எங்க வந்த? பெரியவ அழுது இழுத்துட்டு வந்தா.

— அம்மா வந்தாதான்ப்பா நல்ல கட்டில் வாங்க முடியும். உங்களுக்கு ஒண்ணுமே தெரியாது.

— கேட்டீங்களா? போதுமா? சரி, நான் கிளம்பறேன். மதியத்துக்கு மேல உங்க முறை. சின்னவளோட தண்ணி பாட்டில் இந்தப் பையில இருக்கு. வெயில்ல சுத்த விடாதீங்க. எங்க அவ?

— யாரு?

— சின்னவ.

— உன்கூடத்தானே இருந்தா.

— என்கூடவா? அந்தத் தலகாணிக் குவியல் கிட்ட உங்ககிட்ட விட்டுட்டுத்தானே பீரோ பார்க்கப் போனேன்.

— எப்ப விட்ட? நம்ம ஏற்பாடு என்ன? கையைப் பிடிச்சுக் கையில கொடுக்கணும், வாயால சொன்னா செல்லாது. நீ போட்ட சட்டம்தான் அது.

— கைப்பையை எடுத்துத் தோள்ல மாட்டினேன்ல? நான் கிளம்பிட்டேன், இனி நீங்க பார்த்துக்கங்கன்னு அர்த்தம். ஒவ்வொரு வாரமும் அப்படித்தானே நடக்குது?

— நீ பையை மாட்டினதை நான் பார்க்கவே இல்லையே. நான் ஏணியை ஆட்டிப் பார்த்துட்டு இருந்தேன். பெரியவளே, தங்கச்சி எங்கம்மா?

— தெரியலப்பா. ஐஸ்கிரீமுக்குப் போயிருப்பா. அது கீழ, வாசல் கிட்ட இருக்கு தெரியுமா.

— அவ்வளவு தூரம் தனியாவா போயிருப்பா? வா, வா, ரெண்டு பேரும் வாங்க.

— இந்த வழி இல்லங்க. தரையில அம்புக்குறி இப்படிக் காட்டுது.

— அம்புக்குறியை நம்பினா சமையலறை, சாப்பாட்டு அறை எல்லாத்தையும் சுத்தித்தான் விடுவான். குறுக்கே புகுந்து வா.

— ஐயோ, சோபாவுக்கெல்லாம் பின்னாடி குனிஞ்சு பாருங்க. உள்ள ஏதாவது பீரோவுல புகுந்து கதவைச் சாத்திக்கிட்டாளோ?

— பீரோவெல்லாம் வேண்டாம்மா. தங்கச்சி இருட்டுல இருக்க மாட்டா. வாசலுக்கே போலாம்.

— ஐஸ்கிரீம் கிட்ட இல்ல. அங்க விக்கிற பொண்ணு யாரையும் பார்க்கலைங்கிறா. மைக்ல சொல்லச் சொல்லிட்டேன். வாசல்ல ரெண்டு பேர் நிக்கிறாங்க, குழந்தையோட யார் போனாலும் நிறுத்திக் கேட்பாங்களாம்.

— என்ன அடையாளம் சொன்னீங்க?

— மூணு வயசு, சுருட்டை முடி, பச்சைக் கவுன்.

— பச்சையா? மஞ்சள்ங்க. காலையில நான்தானே போட்டு விட்டேன். பச்சை போன வாரம் நீங்க கொண்டு வந்து விட்டப்ப போட்டிருந்தது.

— எனக்கு அதுதான் கண்ணுல நின்னுச்சு. இரு, ஓடிப் போய் மாத்திச் சொல்லிட்டு வரேன்.

— ஓடுங்க.

— அம்மா, நீ ஏன் அழற? அவ கிடைச்சுடுவாம்மா.

— உனக்கு பயமா இல்லையாடி?

— கொஞ்சம் இருக்கும்மா. நீ அழாத.

— சொல்லிட்டேன். மஞ்சள்னு ரெண்டு தடவை சொல்லச் சொன்னேன். என்ன, ஏன் அப்படியே நிக்கிற?

— பின்பக்கம் லாரியில சாமான் ஏத்துற கதவு திறந்தே கிடக்கு. ஒருத்தரும் கேட்பார் இல்ல. அது வழியாப் போயிருந்தா? நேரா ரோடுங்க.

— மைக்ல சொன்ன கையோட அங்கயும் போய்ப் பார்த்துட்டேன். காவலுக்கு இருக்கிற பெரியவர் சாப்பிடக்கூடப் போகாம அங்கயே உட்கார்ந்திருந்தாராம். குழந்தை எதுவும் வரலைன்னு அடிச்சுச் சொல்றார். உன் கையை இங்க கொடு.

— விடுங்க.

— விட மாட்டேன். நட. எனக்கும்தான் பயமா இருக்கு.

— எல்லாம் என்னாலதான். பையை மாட்டின உடனே என் பொறுப்பு முடிஞ்சுதுன்னு நினைச்சுட்டேன். பெத்தவளுக்கு முறை என்ன வேண்டிக்கிடக்கு?

— நான் மட்டும் என்ன ஒழுங்கு? நீ கிளம்பற வரைக்கும் என் பொறுப்பு இல்லன்னு ஏணியை ஆட்டிட்டு நின்னவன்தானே. மணி பார்த்துக்கிட்டா அப்பனா இருப்பாங்க?

— மறுபடியும் முதல்ல இருந்து தேடுவோம். வந்த வழியாவே போவோம்.

— அப்பா, கால் வலிக்குது.

— கொஞ்ச தூரம்தாம்மா. அம்மா கையை நீயும் பிடிச்சுக்கோ.

— வேண்டாம்ப்பா. நீங்களே பிடிச்சுக்கங்க.

— என்னங்க, எனக்குத் தலை சுத்துது. ஒரு நிமிஷம் உட்காரணும்.

— இந்த ரூம்ல கட்டில் போட்டு வச்சிருக்கான். இந்த நீலப் போர்வை மேல உட்காரு.

— அதுல வேண்டாம்ப்பா. அதுல உட்காரக் கூடாதுன்னு எழுதியிருக்கு.

— மெத்தை விக்கிறவன் உட்காராதேன்னு எவனாவது எழுதி வைப்பானா? நீ உட்காரு. தண்ணி குடி.

— அம்மா, அந்த நாற்காலி நல்லா இருக்கு. அங்க வாம்மா.

— இருடி. என்னங்க.

— என்ன?

— தலகாணி அசையுது.

— எது? தள்ளு, தள்ளு. அடிப் பாவி. இங்கயா இருக்க? இங்கயா?

— தூக்காதீங்க, மெதுவா. தூங்கறா. ஐயோ என் தங்கம், கழுத்தெல்லாம் வேர்த்துக் கிடக்கு. தலைக்கு மேல மைக்ல கத்தறாங்க, எதுவுமே காதுல விழலையே உனக்கு.

— அவ தூங்கினா இடி விழுந்தாலும் எந்திரிக்க மாட்டா. உன்னைப் போல.

— என்னையா சொல்றீங்க? குறட்டை விடறது யாரு?

— சிரிச்சுட்ட. ரொம்ப நாளாச்சு.

— சும்மா இருங்க. நாலு பேர் பார்க்கிறாங்க.

— பார்த்துட்டுப் போகட்டும். மைக்ல கிடைச்சுட்டான்னு சொல்லிட்டு வந்துடறேன். அப்புறம் எங்கயாவது போய்ச் சாப்பிடலாமா? எல்லாருமா. உனக்கு மணி ஆச்சுன்னா பரவாயில்ல, நான்…

— மணி கிடக்கு. வரேன்.

— நிஜமாவா?

— வரேன்னு சொல்றேன்ல. இதைப் பாருங்களேன், செருப்பைக் கழட்டிக் கட்டிலுக்கு அடியில ஜோடியா வச்சிருக்கு. இந்த வாண்டு என்னைக்காவது செருப்பைக் கழட்டிப் படுத்திருக்கா?

— ஆமா. தலகாணியும் ஒண்ணு மேல ஒண்ணா எவ்வளவு உயரம். இவளால தூக்கவே முடியாதே. பெரியவளே, இங்க வாம்மா. திட்ட மாட்டேன். இது யார் வேலை?

— ரொம்ப நேரம் கையை விடாமலே தேடினீங்க தெரியுமா? அடுத்த வாரம் நான் ஒளிஞ்சுக்கிறேன்ப்பா, என்னைக் கண்டுபிடிக்க இன்னும் நேரமாகும்.