ஜன்னலோர மேஜையின் இரண்டாவது தட்டு

கப்பலில் வருகிறவர்கள் பசியைக்கூடப் பொறுத்துக்கொள்வார்கள்; நாற்காலி மாறினால் பொறுக்கமாட்டார்கள். எங்கள் சாப்பாட்டு அறையில் யாருக்கும் இடம் ஒதுக்குவதில்லை, இன்ஸ்பெக்டர் மேடம். எங்கே வேண்டுமானாலும் உட்காரலாம் என்றுதான் சொல்வோம். ஆனால் முதல் நாள் இரவு உட்கார்ந்த இடம்தான் பயணம் முடியும் வரை அவரவர் இடம். எங்கும் எழுதிவைத்ததில்லை, யாரும் மீறியதுமில்லை. பாஸாவிலிருந்து ஃபிராங்க்ஃபர்ட் வரை ஆற்றுப் பயணத்தில் அந்த அறையில் சண்டை வராமல் இத்தனை வருடம் நடத்தியிருக்கிறேன் என்றால், இந்த ஒரு வழக்கத்தை நான் காத்ததுதான் காரணம்.

என் பெயர் கெல்லெர்ட். ஹங்கேரியில் கொமாரோம்காரன். அந்தக் கப்பலின் சாப்பாட்டு அறை என் பொறுப்பு.

திருமதி லிண்ட்லார் ஒவ்வொரு வசந்தத்திலும், வெள்ளை அஸ்பாரகஸ் தண்டு கிடைக்கும் பருவத்தில், வருவார். முன்பெல்லாம் கணவரோடு. அவர் இறந்த மறு வருடம் தனியாக வந்து அதே ஜன்னலோர மேஜையில் உட்கார்ந்தார். இரண்டு பேர் மேஜை. யாரும் சொல்லாமலே எதிர்ப்பக்கமும் தட்டு, கத்தி, முள்கரண்டி, மதுக் குவளை எல்லாம் வைத்தேன். அவர் என் சட்டைக் கையை லேசாகத் தொட்டு நன்றி சொன்னார். அன்றிலிருந்து அந்தத் தட்டு நிரந்தரம். சூப் முடிந்ததும் அந்தக் காலி நாற்காலியின் பின்னால் போய் நிற்பேன். கரையில் என்ன பூத்திருக்கிறது, அடுத்த மதகில் எத்தனை படகு காத்திருக்கிறது, இப்படி ஏதாவது பேசுவேன். வெளியிலிருந்து பார்த்தால் ஒன்றுமில்லை. பார்க்கத் தெரிந்தவர்களுக்குத் தெரியும்.

இந்த வசந்தத்தில்தான் கிரான்ட்ஸ் வந்தார். ஓய்வுபெற்ற பல் டாக்டர். நல்ல உயரம், பெரிய குரல், வாயில் எப்போதும் சுருட்டு. முதல் இரவே நேராக அந்த மேஜைக்குப் போய் நாற்காலியை இழுத்தார்.

"சார், அது வேற ஒருத்தருக்கு," என்றேன்.

"யாருக்கு? ஆளே காணோமே," என்றார். பிறகு திருமதி லிண்ட்லாரைப் பார்த்து, "ஏம்மா, உங்களுக்கு ஆட்சேபணை இருக்கா? இல்ல, இவர்கிட்டதான் மனு கொடுக்கணுமா?"

திருமதி லிண்ட்லார் சிரித்தார். "உக்காருங்க," என்றார். அவர் மரியாதை தெரிந்த பெண். வேறென்ன சொல்வார்?

நான் நாகரிகமாகவே முயன்றேன். மறுநாள் கிரான்ட்ஸுக்கு நடு மேஜையில், அவரைப் போலவே சத்தமாகப் பேசும் கொலோன் ஊர்க்காரர்கள் பக்கத்தில் இடம் போட்டேன். அவர் தட்டில் வைத்திருந்த நாப்கினைத் தூக்கிக்கொண்டு ஜன்னலோரம் போய்விட்டார். போகும்போது என் தோளைத் தட்டி, "தலைவரே, செத்தவருக்குச் சோறு போட்டது போதும். உயிரோட இருக்கறவனுக்குப் பசிக்குது," என்றார். பக்கத்து மேஜைகள் சிரித்தன. என் அறையில் என்னைப் பார்த்து யாரும் சிரித்ததில்லை.

ரேகன்ஸ்பர்க்கில் திருமதி லிண்ட்லாரே என்னிடம் வந்தார். தாழ்ந்த குரலில்தான் பேசினார்.

"கெல்லெர்ட், இனிமே அந்தத் தட்டு டாக்டருக்குன்னே வையுங்க. அப்புறம்... நீங்க பின்னாடி வந்து நிக்க வேண்டாம். ரொம்ப நாளா சொல்லணும்னு இருந்தேன். எனக்குக் கூச்சமா இருக்கு."

அவர் சொன்னது அவர் வார்த்தை இல்லை. ஒரு ஆள் எதிரில் உட்கார்ந்து நாள் முழுக்கப் பேசினால் யாருக்கும் அப்படித்தான் ஆகும். அவரைக் காப்பாற்ற வேண்டிய கடமை எனக்கு வந்தது. இதை நீங்கள் எழுதிக்கொள்ளலாம்.

ரேகன்ஸ்பர்க் தாண்டிக் கப்பல் நுழையும் கால்வாயில் பாலங்கள் எவ்வளவு தாழ்வு என்று உங்களுக்குத் தெரியும், நீங்கள் இந்த ஊர்க்காரர். அந்தப் பகுதியில் மேல்தளத்தை மூடிவிடுவோம். கைப்பிடிக் கம்பிகளை மடக்கி, நாற்காலிகளைப் படுக்கவைத்து, படிக்கட்டில் சங்கிலி போடுவோம். கேப்டன் கப்பலை ஓட்டும் அறையே முன்பக்கத்தில் லிஃப்ட் மாதிரி கீழே இறங்கிவிடும். அங்கிருந்து கேப்டனுக்கு மேல்தளத்தின் பின்பகுதி தெரியாது.

மேல்தளத்துக்குப் போகலாமா, கூடாதா என்று சாப்பாட்டு நேரத்தில் அறிவிப்பது என் வேலை. நான் சொன்னால் கேப்டன் சொன்ன மாதிரி. சுருட்டுப் பிடிக்க இடமில்லாமல் இரண்டு நாளாக கிரான்ட்ஸ் தவித்துக்கொண்டிருந்தார். மதிய உணவு முடிந்ததும் அவர் காதோரம் குனிந்தேன். அடுத்த பாலத்துக்கு ஒரு மணி நேரம் இருக்கிறது, கேப்டன் பொதுவாக அறிவிக்கமாட்டார், உங்களுக்கு மட்டும் சொல்கிறேன் என்றேன். தனக்கு மட்டும் என்றதும் முகம் மலர்ந்துவிட்டது.

"நீங்க நல்ல ஆளுதான், தலைவரே. நான்தான் தப்பா நெனச்சுட்டேன்," என்றார்.

சங்கிலியைக் கழற்றினேன். நாற்காலிகள் படுத்துக் கிடந்ததால் பாரிலிருந்து உயரமான முக்காலி ஒன்றை நானே தூக்கிக்கொண்டு போனேன். தாழ்வான நாற்காலி என்றால் பாலம் தொப்பியை மட்டும் தட்டிக்கொண்டு போயிருக்கும். எதிர்காற்றில் சுருட்டு அணைந்துவிடும் என்று சொல்லி, கப்பலின் பின்பக்கம் பார்த்து உட்காரவைத்தேன். நெருப்புப் பற்றவைத்தும் கொடுத்தேன். கீழே வந்து ஆப்பிள் கேக் பரிமாறிக்கொண்டிருந்தபோது பாலத்தின் நிழல் ஜன்னல்களில் ஒவ்வொன்றாகக் கடந்துபோனது. மேலே முக்காலி விழுந்த சத்தம் கேட்டது. திருமதி லிண்ட்லார் கூரையை நிமிர்ந்து பார்த்தார். அவர் கோப்பையில் காபி ஊற்றினேன். ஒரு சொட்டு சிந்தவில்லை.

சங்கிலி போட மறந்தான் என்று மேல்தளத்தில் வேலை செய்யும் அந்த ருமேனியப் பையன் கோஸ்டெலைப் பிடித்து வைத்திருக்கிறீர்கள். விட்டுவிடுங்கள். அவன்மேல் இரக்கப்பட்டு இதைச் சொல்லவில்லை. அவன் சங்கிலியைச் சரியாகத்தான் போட்டிருந்தான். நான் யோசித்துச் செய்த ஒன்றை ஒரு மடையனின் மறதி என்று எழுதினால் எனக்கு அவமானம். வெண்டலின் கிரான்ட்ஸைக் கொன்றது நான். இன்னொருவர் வந்து அந்த நாற்காலியை இழுத்தாலும் முக்காலியை எடுத்துக்கொண்டு போவேன். வருத்தம் என்ற இடத்தில் ஒன்றும் எழுத வேண்டாம்.

அன்று இரவும் ஜன்னலோர மேஜையில் இரண்டு தட்டு வைத்தேன். திருமதி லிண்ட்லார் வாசல் வரை வந்தார். மேஜையைப் பார்த்தார், பிறகு என்னை ரொம்ப நேரம் பார்த்தார். உட்காராமல் திரும்பிவிட்டார். அதிர்ச்சிதான், வேறென்ன. அடுத்த வசந்தத்துக்குள் சரியாகிவிடும். அந்த மேஜையை வேறு யாருக்கும் கொடுக்க வேண்டாம் என்று கப்பலுக்குச் சொல்லி அனுப்புங்கள்.

நீங்கள் விசாரிக்கப் போனதும், கேள்வி கேட்பதற்கு முன்பே அவர் என் பெயரைத்தான் சொன்னார் என்கிறீர்கள். பாருங்கள், மேடம். அவ்வளவு துக்கத்திலும் அவருக்கு முதலில் ஞாபகம் வந்தது நான்தான்.