விருந்தாளி வந்தால் பால் வாங்கப் போகும் குடும்பம்

அவைக்கு அணியாய், அமைதிக்கு உருவாய்த் தலைமை தாங்கி அமர்ந்திருக்கும் எங்கள் குடியிருப்போர் நலச்சங்கத் தலைவர் ஐயா கோதண்டம் அவர்களே! ஒலிபெருக்கிக்கும் உளுந்துவடைக்கும் ஒருசேர ஓடிக்கொண்டிருக்கும் செயலாளர் தனசேகர் அவர்களே! மூட்டுவலியை மறந்து முன்வரிசைக்கு வந்திருக்கும் மூத்தோரே! அடுப்பை அணைத்துவிட்டு வந்திருக்கும் அன்னையரே! அணைத்தோமா, இல்லையா என்று இன்னும் யோசித்துக்கொண்டிருக்கும் அன்னையரே! பீர்க்கன்கரணையின் பெருமக்களே! உங்கள் அனைவருக்கும் மஹாலட்சுமியின் நடுங்கும் கைகள் குவித்த வணக்கம்.

நடுங்கும் என்றது அலங்காரம் அல்ல. இந்தத் தாள் ஆடுவது மின்விசிறியால் அல்ல.

சிரிக்கிறீர்கள். சிரியுங்கள், நீங்கள் சிரிக்கும்போதுதான் எனக்கு மூச்சு வருகிறது.

இந்த மேடையில் பல ஆண்டுகளாக ஒலித்த வரவேற்புரைகளை எழுதியவள் நான். வாசித்தவர்கள் வேறு. தமிழ் முதுகலை படித்தேன். ஆசிரியர் வேலைக்கு மாதிரி வகுப்பு எடுக்கச் சொன்னார்கள். கரும்பலகையைப் பார்த்தபடியே முழுப் பாடத்தையும் நடத்தி முடித்தேன். வேலை கிடைக்கவில்லை. எழுதுவதற்கு முகம் காட்ட வேண்டாம். ஆகவே எழுதினேன்.

அப்படிப்பட்டவள் இன்று ஏன் ஏறினேன்? அதோ, வாசலில், செருப்பு அலமாரிக்குப் பக்கத்தில்... திரும்பாதீர்கள்! தயவுசெய்து யாரும் திரும்பாதீர்கள்! என் மகள் நிஷா நிற்கிறாள். கல்லூரியில் செமினார் எடுக்கச் சொன்ன அன்று பாதியில் வகுப்பைவிட்டு வெளியே வந்தவள், அதன்பின் அந்த வாசலை மிதிக்கவில்லை. நாளை மறுபடியும் அதே செமினார். “நீ மேடையேறிப் பேசும்மா. பாதியில ஓடி வராம முடிச்சிட்டேன்னா, நாளைக்கு நானும் காலேஜ் போறேன்” என்றாள்.

ஆகவே, நான் பாதியில் இறங்க முடியாது. கூச்சமும் பயமும் பற்றிப் பேச வருகை தரும் மனநல மருத்துவர் ஜஹானாரா அவர்களை, வான்மழையை வயல் வரவேற்பதுபோல் வருக வருகவென வரவேற்று...

என்ன சார்? செயலாளர் கையைச் சுழற்றுகிறார். “டாக்டர் வண்டி பெருங்களத்தூர்ல மாட்டிக்கினு கீது மேடம், இன்னும் கொஞ்சம் இழுங்க” என்கிறார். இழுப்பதா? தாள் தீர்ந்துவிட்டதே ஐயா! காபி சொல்ல உள்ளே போய்விட்டார்.

இனி என்னிடம் இருப்பது இந்த ஒலிவாங்கியும் இத்தனை கண்களும்தான். நாக்கு ஒட்டிக்கொள்கிறது. காதுக்குள் நெஞ்சு இடிக்கிறது. அந்த வாசல் வழியாக ஓடிவிடலாம் போலிருக்கிறது. அந்த வாசலில்தான் என் மகள் நிற்கிறாள்.

சரி. என் அப்பாவைப் பற்றிச் சொல்கிறேன். வீட்டுக்கு விருந்தாளி வந்தால் அவர் பின்வாசல் வழியாகப் பால் வாங்கப் போய்விடுவார். வீட்டில் பால் இருக்கும், இருந்தாலும் போவார். அவர்கள் கிளம்பிய பிறகுதான் வருவார். என் நிச்சயதார்த்தத்தன்று மாப்பிள்ளை வீட்டார் படியேறும்போது, “மஹா, பால் போதுமா பாரு” என்று என்னிடமே கேட்டார். அவர் கண்ணில் இருந்தது பயம். அது எனக்கு உடனே புரிந்தது, ஏனென்றால் எனக்கும் அவரோடு போய்விட வேண்டும் போலிருந்தது. ஊர் அவரைத் தலைக்கனம் பிடித்தவர் என்றது.

இப்போது என் மகளை என்ன சொல்கிறது? என் நாத்தனார் வேதா வந்தபோது நிஷா வாயைத் திறந்தாள், சத்தம் வரவில்லை. “இன்னா திமிரு பாரு! வாங்க அத்தைன்னு சொன்னா வாயிலேர்ந்து முத்து உதிர்ந்துடுமா?” என்று கேட்டுவிட்டார்.

திமிரா அது? திமிர் பிடித்தவளுக்கு உள்ளங்கை வேர்க்குமா? திமிர் பிடித்தவள் குளியலறைக் குழாயைத் திறந்துவிட்டு அழுவாளா? திமிர் பிடித்தவள், சொல்ல முடியாமல்போன அந்த ஒரு சொல்லை, விருந்தாளி போன பிறகு சுவரைப் பார்த்துச் சொல்லிச் சொல்லிப் பழகுவாளா? சொல்லுங்கள் தாய்மார்களே!

இன்று இங்கே வரப்போகும் இதே டாக்டரிடம்தான் போனோம். அவர் சொன்னது இது. நம் அடுக்குமாடியில் கீழே வாட்ச்மேன், மேலே செயலாளர், நடுவில் இன்டர்காம். புதியவர் வந்தால் வாட்ச்மேன் பதறுவார்; மேலிருந்து “நம்ம ஆளுதான், விடுப்பா” என்று குரல் வந்தால் அடங்குவார். மூளையிலும் ஆழத்தில் ஆபத்து என்று அலறும் பகுதி உண்டு, நெற்றிக்குப் பின்னால் ஆற்றித் தேற்றும் பகுதி உண்டு, இரண்டுக்கும் இடையே இணைப்புகள் உண்டு. சிலருக்கு அலறல் அதிகம். தேற்றும் குரல் சரியாகப் போய்ச் சேர்வதில்லை. அந்த வாகு குடும்பம் வழியாகவும் வரலாம் என்றார்.

நான் கேட்டேன்: “அப்போ நான்தான் இவளுக்குக் கொடுத்துட்டேனா டாக்டர்?”

“பயப்படற வாகு வரலாம்மா. அதோட முடிஞ்சு போச்சுன்னு அர்த்தமில்ல. சிகிச்சை இருக்கு. கொஞ்சம் கொஞ்சமா பழகப் பழக அந்த லைன் பலமாகும்.”

உடனே நிஷா என் பக்கம் திரும்பினாள். “அப்போ நீ பழகினியாம்மா?”

அந்தக் கேள்விதான் என்னை இங்கே நிறுத்தியிருக்கிறது.

வாசலில் கார் சத்தம். டாக்டர் வந்துவிட்டார்! தனசேகர் சார், எங்கே இருக்கிறீர்கள்? பூங்கொத்து இங்கே என் பக்கத்தில் கிடக்கிறதே! வரவேற்க அங்கே ஒருவரும் இல்லை. நிஷா மட்டும்தான் நிற்கிறாள்.

திரும்பாதீர்கள்! உங்களைக் கும்பிட்டுக் கேட்கிறேன், என்னைப் பாருங்கள்! எல்லாரும் என்னையே பாருங்கள்! இத்தனை கண்களையும் நானே தாங்கிக்கொள்கிறேன், ஒரு கண்கூட அவள் பக்கம் போக வேண்டாம்.

அவள் கை சுவரைப் பிடித்திருக்கிறது. டாக்டர் செருப்பைக் கழற்றுகிறார். நிமிர்கிறார். நிஷா வாய் திறக்கிறாள்... மூடிவிட்டாள். ஐயோ, பின்னால் நகர்கிறாள். இல்லை. நின்றுவிட்டாள்.

உதடு அசைந்தது. டாக்டர் சிரித்துக்கொண்டே கைகூப்புகிறார். எனக்குச் சத்தம் கேட்கவில்லை, ஆனால் அந்த உதட்டசைவு எனக்குத் தெரியும். சுவரைப் பார்த்து அவள் பழகிய சொல் அது.

என்னைப் பார்த்துக்கொண்டே இருந்த உங்கள் ஒவ்வொருவருக்கும் நன்றி. நான் ஓடவில்லை, நடந்தே இறங்குகிறேன். நான் எழுதி வைத்த வரவேற்பு தாளிலேயே இருக்கட்டும். என் மகள் சொன்னதைச் சொல்லி முடிக்கிறேன்.

டாக்டர், வாங்க.