வீட்டில் எத்தனை வாய்

"படுங்கோ! குப்புறப் படுங்கோ!"

படுக்கிறோம். மண் வாய்க்குள் போகிறது. தூரத்தில் 'டம்' என்று ஒரு சத்தம். அது செல், பீரங்கிக் குண்டு, புறப்படும் சத்தம். பிறகு விசில். விசில் நீண்டால் அது எங்களைத் தாண்டிப் போகிறது. விசில் பாதியில் நின்றால் அது எங்களுக்கு. அன்று நீண்டது. வேறு யாருக்கோ போனது.

தூசி அடங்குகிறது. அப்பா கத்துகிறார். "ஒண்டு."

அம்மா, "ரெண்டு." வதனி அக்கா, "மூண்டு." நான், "நாலு." என் மனைவி சுகந்தி, "அஞ்சு." மகன் கவின், எட்டு வயது, "ஆறு." கடைசியில் மகள் யாழினி. மூன்று வயது. சுகந்தியின் நெஞ்சுக்குக் கீழே நசிந்து கிடந்தபடி சொல்கிறாள். "ஏழு."

ஏழு கேட்ட பிறகுதான் மூச்சு விடுவோம்.

வன்னி. இரண்டாயிரத்து ஒன்பது. மாசி மாதம். கடற்கரை மணலில் வெட்டிய பங்கர். மணல் நிற்காது. அம்மாவின் சேலைகளை வெட்டிப் பைகளாகத் தைத்து, மண் நிரப்பி அடுக்கியிருந்தோம். கூறைச்சேலையும் அதில் ஒன்று. அப்பா பஸ் கண்டக்டராக இருந்தவர். ஆள் எண்ணாமல் மணி அடிக்கமாட்டார். பங்கருக்குள்ளும் அதே பழக்கம். ஒவ்வொரு செல்லடிக்குப் பிறகும் எண்ண வைப்பார். எனக்கு எரிச்சலாக இருக்கும். "இதென்ன பஸ்ஸே அப்பா?" என்று ஒருநாள் கேட்டேன். அவர் மறுபடி எண்ணச் சொன்னார்.

ஒரு செவ்வாய்க்கிழமை. காலை ஏழு மணி. அப்பா தண்ணீர் எடுக்கப் போனார். தண்ணீர்க் கானை வேறு யாரோ கொண்டுவந்து தந்தார்கள். ஓட்டையோடு.

அன்று மத்தியானம் மறுபடி அடித்தார்கள். தூசி அடங்கியது. எண்ணத் தொடங்க ஆள் இல்லை. எல்லாரும் காத்திருந்தோம். ஒரு மூச்சு நேரம். பிறகு அம்மா சொன்னார். "ரெண்டு."

யாரும் கூடிப் பேசி எடுத்த முடிவு இல்லை. ஆனால் அன்றிலிருந்து அது எங்கள் வீட்டுச் சட்டம். போனவருடைய எண்ணை யாரும் எடுப்பதில்லை. அந்த இடத்தில் ஒரு மூச்சு விடுவோம். பிறகு அடுத்தவர் தன் எண்ணைச் சொல்வார்.

வைகாசியில் களப்பைக் கடந்தோம். கழுத்தளவு தண்ணீர். அக்கரையில் ஏறி நின்று நான் எண்ணத் தொடங்கினேன். மூன்று மூச்சு விட்டேன். "நாலு" என்றேன். இன்னும் இரண்டு மூச்சு. என் தோளில் இருந்த யாழினி சொன்னாள். "ஏழு."

அதுதான் கடைசியாக எண்ணியது. பிறகு முகாம். பிறகு மலேசியா. பதின்மூன்று வருடம் அகதி அட்டையோடு இருந்தோம். பிறகு இந்த நாடு எங்களை எடுத்தது. இப்போது ஆக்லாந்து. மவுண்ட் ரோஸ்கில்லில் இரண்டு அறை வீடு. விரி என்ற இடத்தில் ஒரு வேர்ஹவுஸில் ஃபோர்க்லிஃப்ட் ஓட்டுகிறேன். யாழினிக்கு இருபது வயது. மலேசியாவில் வளர்ந்ததால் அவளுடைய தமிழ் வேறு. என்னுடையது வேறு. செல் சத்தம் அவளுக்கு ஞாபகம் இல்லை. நான் சொன்னதும் இல்லை. அம்மா, அண்ணன், அப்பப்பா, அப்பம்மா, மாமி எல்லாரும் போரில் இல்லாமல் போனார்கள் என்று மட்டும் தெரியும். அதற்கு மேல் அவள் கேட்டதில்லை. நான் கேட்கவிட்டதில்லை.

வந்த இரண்டாவது கிழமை ஒரு பெண்மணி கதவைத் தட்டினார். வியட்நாம்காரர். அறுபது தாண்டியவர். குட்டையான உருவம். கையில் தாள் செருகிய ஒரு மட்டையும் பேனாவும். பின்னால் இன்னும் இரண்டு பெண்கள் அரிசிப் பையோடு. இங்கே வியட்நாம் ஆட்கள் சேர்ந்து ஒரு தொண்டு அமைப்பு நடத்துகிறார்கள். சம்பளம் இல்லாத வேலை. பேக்கரி வைத்திருப்பவர், நகப்பூச்சுக் கடை வைத்திருப்பவர், ஓய்வுபெற்ற நேர்ஸ். புதிதாக வரும் அகதிகளுக்குச் சனிக்கிழமை தோறும் சாப்பாட்டுச் சாமான். படிப்பு இடையில் அறுந்த இளம் ஆட்களுக்கு அதே மண்டபத்தில் வகுப்பு. வந்தவர் பெயர் லான். அவர்கள் அவரை 'சீ லான்' என்பார்கள். சீ என்றால் அவர்கள் மொழியில் அக்கா. நான் லான் அக்கா என்று கூப்பிடத் தொடங்கினேன்.

விசா கேட்கவில்லை. சம்பளம் கேட்கவில்லை. அவருடைய தாளில் மூன்று கேள்விதான். பெயர் என்ன. எதைச் சாப்பிடமாட்டீர்கள். வீட்டில் எத்தனை வாய். ஆட்கள் எத்தனை என்று அவர்கள் கேட்பதில்லை. வாய் எத்தனை என்றுதான் கேட்பார்கள். அவர்கள் ஊர் வழக்கம் அப்படி.

நான் "ஏழு" என்றேன்.

பொய் சொல்ல நினைக்கவில்லை. இதை நீங்கள் நம்பவேண்டும். எண்ணச் சொன்னார்கள். எண்ணினேன். நான் எண்ணினால் முடிகிற இடம் ஏழு. அவர் எழுதிக்கொண்டு போய்விட்டார்.

அந்தச் சனிக்கிழமை ஏழு வாய்க்குச் சாமான் வந்தது. வாய்க்கு மூன்று முட்டை. இருபத்தொரு முட்டை. வாய்க்கு ஒரு தோடம்பழம். ஏழு தோடம்பழம். அரிசி, கறிக்குக் கோவா, மீன் டின். மேசையில் பரப்பி வைத்துப் பார்த்தேன். ஏழு பழத்தையும் ஒரு வரிசையில் வைத்தேன். கனகாலத்துக்குப் பிறகு வரிசை சரியாக இருந்தது.

அடுத்த சனி திருத்தலாம் என்று நினைத்தேன். திருத்தவில்லை. அதற்கு அடுத்ததும் இல்லை. 'இரண்டு' என்று எழுதவேண்டும். எழுதினால் ஐந்து பேரையும் நானே என் கையால் வெட்டவேண்டும். இதுவரை அவர்களை வெட்டியது யாரோ. என்னால் ஏலாது.

பசி தெரிந்தவன் சோறு எறியமாட்டான். ஞாயிறு காலையில் ஏழு பேருக்குச் சமைப்பேன். மிச்சத்தைத் திங்கட்கிழமை விரிக்குக் கொண்டுபோவேன். தமிழ்நாட்டுப் பையன்கள் மூன்று பேர் என் ஷிஃப்டில் வேலை செய்கிறார்கள். அதில் செந்தில் வாயாடி. சட்டியை வழித்துவிட்டுச் சொல்வான். "அண்ணே, அண்ணி கைப்பக்குவமே தனிண்ணே. ஒரு நாள் வீட்டுக்குக் கூப்பிடுங்க."

"ஓம்" என்பேன். அதையும் நான் திருத்தவில்லை.

இப்படி இரண்டு வருடம் போனது.

போன வருடம் யாழினி அந்த மண்டபத்து வகுப்பில் சேர்ந்தாள். மலேசியாவில் அவளுக்கு ஒழுங்கான பள்ளிக்கூடம் இல்லை. இங்கே கணக்கும் இங்கிலீஷும் பிடித்துக்கொண்டாள். வகுப்பு முடிந்ததும் பொதிகளை வேனில் ஏற்ற உதவி செய்வாள். லான் அக்காவுக்கு அவளைப் பிடித்துவிட்டது. பங்குனி மாதத்தில் பெயர்ப்பட்டியலை அவள் கையில் கொடுத்துவிட்டார். எனக்கு இது தெரியாது.

அந்தச் சனிக்கிழமை மத்தியானம் அவள் வீட்டுக்கு வந்தாள். சப்பாத்தைக் கழற்றவில்லை. குசினி வாசலில் நின்றாள்.

"ரானுயி ஏரியால ஒரு ஃபேமிலிப்பா. ஆறு பேரு. இப்பதான் வந்திருக்காங்க. சாமான் பத்தல. நான்தான் போன் பண்ணி, இந்த வாரம் இல்ல, வெயிட் பண்ணுங்கன்னு சொன்னேன்."

நான் வெங்காயம் வெட்டிக்கொண்டிருந்தேன்.

"அப்புறம் லிஸ்டப் பார்த்தேன். நம்ம வீட்டுக்கு ஏழுன்னு இருக்கு. எல்லா வீட்டுக்கும் இவ்வளவு சாமான்தான் வரும்னு நெனச்சிட்டு இருந்தேன். நாம ரெண்டு பேருதானேப்பா. மத்த அஞ்சு பேரு யாரு?"

கத்தியை வைத்தேன். தண்ணீர்க் குழாயை மூடினேன். வேறு செய்ய ஒன்றும் இல்லை.

"நீதான் ஏழு" என்றேன்.

அவளுக்கு விளங்கவில்லை. சொன்னேன். பங்கர். சேலைப் பை. அப்பாவின் எண்ணுகிற பழக்கம். டம் என்ற சத்தம். விசில். மூச்சு விடுகிற சட்டம். பதினேழு வருடமாகச் சொல்லாததைச் சொல்ல இருபது நிமிடம்தான் எடுத்தது. அதுதான் எனக்கு ஆச்சரியமாக இருந்தது. என் குரல் பஸ் நேரம் வாசிக்கிற குரலாகவே இருந்தது.

"அண்ணன் எத்தனை?" என்று கேட்டாள்.

"ஆறு."

"அம்மா?"

"அஞ்சு."

நிலத்தில் குந்தியிருந்து அழுதாள். எனக்கு அழுகை வரவில்லை. அது எப்போதோ நின்றுவிட்டது. அவளுக்குப் பக்கத்தில் இருந்தேன். முதுகைத் தடவவேண்டும் என்று தெரிந்தது. தடவினேன்.

பிறகு முகத்தைத் துடைத்தாள். "நான் மாத்த மாட்டேன்பா. எனக்கு அந்த ரைட் இல்ல. நீங்களே வந்து மாத்துங்க. ஆனா அந்த ரானுயி வீட்டுல சின்னப் பிள்ளைங்க இருக்காங்க."

ஒரு கிழமை முழுக்க யோசித்தேன். கஞ்சிக்கு வரிசையில் நின்றதை யோசித்தேன். முன்னால் நிற்பவன் இரண்டு கோப்பை வாங்கினால் நாங்கள் அவனை எப்படிப் பார்த்தோம் என்று யோசித்தேன். இப்போது அவன் நான். இறந்தவர்களின் பெயரால் பிள்ளைகளின் சாப்பாட்டை எடுத்திருக்கிறேன். வெட்கமாக இருந்தது. இந்த வருடங்களில் எனக்குத் தெளிவாக வந்த ஒரே உணர்ச்சி அதுதான்.

சனிக்கிழமை. காலை ஒன்பது மணி. மண்டபத்துக்குள் போனேன். பெட்டி ஒட்டுகிற டேப்பை இழுக்கிறார்கள். அந்தச் சத்தம் எனக்குப் பிடிக்காது. நீண்டு வந்து பாதியில் நிற்கும். ஒவ்வொரு முறையும் என் தோள் தானாகக் குனியும்.

லான் அக்காவிடம் போனேன். என் இங்கிலீஷில் சொன்னேன். பிழை எழுதிவிட்டேன். ஏழு இல்லை. இரண்டு.

அவர் கண்ணாடியைக் கழற்றினார். ஐந்து பேர் எங்கே என்று கேட்டார். இல்லை என்றேன். போர் என்றேன். இரண்டு வருடமாக நான் சாப்பாடு களவெடுத்தேன் என்று அவர் சொல்வார் என நினைத்தேன். ஏசினால் நல்லது. ஏசவில்லை.

என்னைச் சுவரோரம் கூட்டிக்கொண்டு போனார். அங்கே சுவரில் ஒரு பலகைத் தட்டு இருந்தது. ஊதுவத்தி, பழம், சின்னக் கிண்ணங்கள். ஒவ்வொரு கிண்ணத்தின் மேலும் இரண்டு சோற்றுக் குச்சிகள். அது அவர்களுடைய சாமித் தட்டு என்றுதான் நான் இத்தனை நாளும் நினைத்திருந்தேன். இல்லை. அவர் சின்னப் பெண்ணாகப் படகில் வந்தவர். ஏறும்போது அவர் வீட்டில் பத்து வாய். இறங்கும்போது மூன்று. கிண்ணங்களை எண்ணினேன். ஏழு.

லான் அக்கா மெதுவாக, எனக்கு விளங்கும்படி சொன்னார். சாப்பிடுகிறவர்கள் பட்டியலில். சாப்பிடாதவர்கள் இங்கே. இரண்டையும் கலக்கக் கூடாது. தானும் முதலில் கலந்தவர்தான் என்றார். கலந்தால் உயிரோடு இருப்பவர்களுக்கும் பசி, இறந்தவர்களுக்கும் பசி.

பேனாவை என்னிடம் தந்தார். பட்டியலை யாழினி பிடித்தாள். ஏழின் மேல் ஒரு கோடு. பக்கத்தில் இரண்டு. நிம்மதி வரவில்லை. ஒன்றும் வரவில்லை.

யாழினி போனை எடுத்துக்கொண்டு வெளியே போனாள். ரானுயிக்குப் பேசினாள். இன்று வேன் வரும் என்று அவள் சொல்வது கண்ணாடிக்கு அப்பால் கேட்டது.

லான் அக்கா அலுமாரியைத் திறந்து ஐந்து கிண்ணம் எடுத்தார். எங்கள் ஆட்கள் குச்சியால் சாப்பிடமாட்டார்கள் என்றேன். தலையாட்டிவிட்டுக் குச்சிகளைத் திருப்பி வைத்தார். கிண்ணம் ஒவ்வொன்றிலும் ஒரு பிடி அரிசி போட்டேன். முன்னால் நின்றேன். எண்ணத் தொடங்கினேன். அன்று மூச்சு விட்ட இடங்களில் பெயர்களை வைத்து இங்கே எழுதுகிறேன். நீங்களும் எண்ணுங்கள்.

ஒண்டு. அப்பா. தண்ணீர் எடுக்கப் போன இடம். செவ்வாய்க்கிழமை. காலை ஏழு மணி.

ரெண்டு. அம்மா. காய்ச்சல். மருந்து இல்லை. பங்கருக்குள். சித்திரை வருடப்பிறப்புக்கு முதல் நாள். செல் விழாத ஒரு நாள் அது.

மூண்டு. வதனி அக்கா. கஞ்சி வரிசை. விசில் கேட்கவில்லை. கோப்பை கையில் இருந்தது.

நாலு. நான்.

அஞ்சு. சுகந்தி. களப்புக்குள். எங்கிருந்தோ சுட்ட ஒரு சன்னம். அவளுடைய கையை விட்டது நான். மற்றக் கையில் பிள்ளை இருந்தது.

ஆறு. கவின். மண் சரிந்தது. கையால் தோண்டினோம். அவன் சத்தம் போடவேயில்லை. தாய் போவதற்கு ஒன்பது நாள் முன்.

ஒரு வீடு. ஒரு கிணறு. ஒரு கூறைச்சேலை. ஒரு கண்டக்டர் பை. படம் ஒன்றுகூட மிஞ்சவில்லை.

கதவு திறந்த சத்தம். யாழினி எனக்குப் பின்னால் வந்து நின்றாள். ஒரு மூச்சு விட்டாள்.

"ஏழு" என்றாள்.

போனவர்கள் ஐந்து. வீட்டில் இரண்டு வாய்.