விநாடிக்கு இரண்டு சுற்று

என் வலது கை இடது கையைவிடச் சற்றுப் பருமன். பெர்லினில் பதினோரு ஆண்டுகள் ஊமைப்படக் கேமராவின் கைப்பிடியைச் சுற்றியவனுக்கு அப்படித்தான் இருக்கும். விநாடிக்கு இரண்டு சுற்று. அது பிசகாமலிருக்க ஒரு அணிவகுப்புப் பாட்டை முணுமுணுப்பேன். மெதுவாகச் சுற்றினால் திரையில் ஆட்கள் விறுவிறுவென்று ஓடுவார்கள். துரத்தல் காட்சிகளை அப்படித்தான் எடுப்போம்.

அப்படி நான் எடுத்த ஒரு சிரிப்புப் படம் வேலை தேடும் ஒரு நாட்டியக்காரியைப் பற்றியது. ஏழு கதவு தட்டுவாள், மீன்தொட்டியில் விழுவாள், கடைசியில் ஆடிக்காட்டி வேலை வாங்குவாள். நடித்த இர்ம்கார்டும் வேலை தேடுகிற நாட்டியக்காரிதான். முதல் நாள் காட்சிக்கு ஹாம்பர்க் நாட்டியக் குழுவின் தலைவி வெண்ட்லின் அம்மாள் வருவதாக இருந்தது. அந்தக் கடைசி ஆட்டம் பிடித்தால் குழுவில் சேர்த்துக்கொள்வதாகப் பேச்சு.

"எக்பெர்ட், இதை மட்டும் நல்லா எடுத்துக் குடு. ரெண்டு தட்டு உருளைக்கிழங்கு அடை வாங்கித் தர்றேன்" என்றாள் இர்ம்கார்ட்.

"மூணு" என்றேன்.

"வயிறா அது, பீப்பாயா?"

தண்ணீருக்குள் பட்டுத்துணி அசைவதுபோல நிதானமாக ஆடினாள். எனக்கு அவளைப் பிடித்திருந்தது. ஹாம்பர்க் தொலைவு. பாட்டைப் பாதி வேகத்தில் முணுமுணுத்தேன். சரியாகப் பாதிதானா என்று இப்போது உறுதியாகச் சொல்ல முடியவில்லை.

முதல் நாள் காட்சியில் அரங்கமே சிரிப்பில் குலுங்கியது. திரையில் அவள் சூட்டில் கால் வைத்த கோழியாகத் துள்ளினாள். வெண்ட்லின் அம்மாள் கண்ணைத் துடைத்துக்கொண்டே, "உனக்கு இதுதாம்மா வரும், விட்டுடாதே" என்று கன்னத்தைக் கிள்ளிவிட்டுப் போனார். இயக்குநர் என் தோளைத் தட்டினார்.

தெருவில் இர்ம்கார்ட் கேட்டாள்: "நான் அவ்வளவு வேகமாவா ஆடினேன்?"

"கொஞ்சம். பதற்றத்துல அப்படித்தான் ஆகும்."

ஆனாலும் மூன்று தட்டு அடை வாங்கித் தந்தாள். அடுத்த வசந்தத்தில் எங்களுக்குக் கல்யாணம் ஆனது. இதுவரை ஒன்பது படங்களில் விழுந்து எழுந்திருக்கிறாள். தெருப்பிள்ளைகள் அவளைப் போலத் துள்ளிக் காட்டுகிறார்கள். எங்கள் வீட்டில் சிரிப்புக்குக் குறைவில்லை. கிராமபோன் பாடினால் மட்டும் மேசையைப் பிடித்துக்கொண்டு தாளத்தை எண்ணுவாள். தன் கால்களை அவள் நம்புவதில்லை.

போன வாரம் சொன்னாள்: "ஒரு வருஷமா யாருக்கும் தெரியாம மெதுவா ஆடிப் பழகுறேன். ஒரு தடவை எடுத்து ஹாம்பர்க்குக்கு அனுப்பலாமா? நீ சுத்தினாத்தான் எனக்குத் தைரியம்."

நேற்றுக் காலை எடுத்தோம். இந்த முறை ஒழுங்காகச் சுற்றிவிடலாம் என்றுதான் நின்றேன். அவள் முன்னைவிட அழகாக ஆடினாள். அதனால் நான் முன்னைவிட மெதுவாகச் சுற்றவேண்டியிருந்தது.