பூஸ்டர் குழாயில் ஒரு போல்ட்

எஞ்சின் விட்டுவிட்டு அடித்தால் எல்லாரும் முதலில் பிளக்கைத்தான் கழற்றிப் பார்ப்பார்கள். அதில் பிழையில்லை ஐயா. நானும் அப்படித்தான் தொடங்கினேன்.

நீங்கள் சிவராசாவின் சட்டத்தரணி. வருகிற செவ்வாய்க்கிழமை அவன் குற்றத்தை ஒப்புக்கொள்ளப் போகிறான் என்று கேள்விப்பட்டுத்தான் ஸ்கந்தபுரத்திலிருந்து பஸ் ஏறி வந்தேன். அதற்கு முன் அந்த லொறியைப் பற்றி நீங்கள் அறிய வேண்டும்.

என் பெயர் சுடலைமுத்து. என் அப்பா மலையகத்துத் தோட்டமொன்றிலிருந்து வந்து வன்னியில் காடு வெட்டிக் குடியிருந்தவர். எனக்குக் கராஜ் கிடையாது. வீட்டு முற்றத்தில், மாமரத்துக்குக் கீழேதான் வேலை. சிவராசா பக்கத்து வளவு. யாழ்ப்பாணத்திலிருந்து வந்து குடியேறிய குடும்பம். வயல் செய்தான், பெற்றோலில் ஓடுகிற பழைய லொறி ஒன்றும் வைத்திருந்தான். என்னை முத்தண்ணை என்று மரியாதையாகத்தான் கூப்பிடுவான். ஆனால் லொறி பழுதானால் என் வாசல் படலையைத் தாண்டிக் கிளிநொச்சிக்குக் கொண்டுபோவான். இந்த முறை மூன்று கராஜுக்குக் கொண்டுபோனான். பிளக், வயர், பில்டர் எல்லாம் புதிதாகப் போட்டார்கள், கார்பரேட்டரைக் கழுவினார்கள். லொறி நின்ற இடத்தில் உதறுவதும், ஏற்றத்தில் இழுக்காமல் தும்முவதும் நிற்கவில்லை.

வற்றாப்பளைப் பொங்கலுக்கு முதல் நாள் காலை என்னிடம் வந்தான்.

"டவுனில ஏலாமப் போச்சுது அண்ணை. நீங்கள் சும்மா ஒருக்காப் பாருங்கோ. நாளைக்குச் சனத்தை ஏத்திக்கொண்டு கோயிலுக்குப் போகவேணும்."

சும்மா என்றான். பரவாயில்லை என்று நினைத்துக்கொண்டேன்.

பிளக்கைக் கழற்றினேன். முனை வெள்ளை வெளேரென்று இருந்தது. பெற்றோல் குறைவாகவும் காற்று கூடவும் எரிகிறது என்பதற்கு அதுதான் அடையாளம். கார்பரேட்டரில் குறையில்லை. ஆகவே எங்கோ ஓரிடத்தால் களவாகக் காற்றுப் போகிறது. எஞ்சினை ஓடவிட்டு, மூட்டுகளில் எல்லாம் தண்ணீர் விசிறிப் பார்த்தேன், மாற்றமில்லை. பிறகு குறட்டால் ரப்பர் குழாய்களை ஒவ்வொன்றாக நசித்தேன். எல்லாவற்றிலும் பெரிய குழாயை நசித்தவுடன் எஞ்சின் அடங்கிச் சீராக ஓடியது.

அது பிரேக் பூஸ்டருக்குப் போகிற குழாய். எஞ்சின் இழுக்கிற இழுவையை வைத்துத்தான் பூஸ்டர், மிதிக்கிற காலுக்குப் பலம் கொடுக்கிறது. அதன் உள்ரப்பர் கிழிந்து, அந்தக் கிழிசலால் காற்றுப் போயிருக்கிறது. மூன்று கராஜுக்காரர் காணாததை நான் ஒரு மணித்தியாலத்தில் கண்டுபிடித்தேன்.

புதுப் பூஸ்டர் கொழும்பிலிருந்து வர நாலைந்து நாளாகும். அதைத்தான் நான் சொல்லியிருக்க வேண்டும். சொன்னால் அவன் திரும்பவும் டவுனுக்குப் போவான், அங்கே வேறொருவன் பூஸ்டரை மாற்றிப் பெயரெடுப்பான். நான் குழாயை பூஸ்டரிலிருந்து கழற்றி, அதன் வாய்க்குள் ஒரு போல்ட்டை அடித்து இறுக்கினேன். எஞ்சின் தையல் மெசின் போல ஓடியது.

பிரேக் மிதியை அமத்திப் பார்த்தேன். பூஸ்டருக்கு இழுவை நின்றுபோனதால் கல் மாதிரி இருந்தது. வேலை செய்யாது என்றில்லை ஐயா. முழுப் பலத்தோடு மிதித்தால் நிற்கும். வெறும் லொறி என்றால் நிற்கும்.

சிவராசா ஒழுங்கையில் ஓட்டிப் பார்த்துவிட்டு வந்தான். அவன் முகத்தில் இருந்த சந்தோசத்தை நான் மறைக்காமல் சொல்ல வேண்டும். வேலியில் நின்ற ஆட்களிடம், "முத்தண்ணைதான் கண்டுபிடிச்சவர்" என்று சொன்னான். பிறகு என் பக்கம் திரும்பினான்.

"பிரேக் கொஞ்சம் இறுக்கமாக் கிடக்குது அண்ணை."

"எண்ணெய் மாத்தினனான். ரெண்டு நாளில சரிவரும்" என்றேன்.

நான் எண்ணெய் மாற்றவில்லை.

அடுத்த நாள் காலை பின்தட்டில் பதினாலு பேர் ஏறினார்கள். அரிசியும் தேங்காயும் பானைகளும் ஏறின. முன்னால் அவனுடைய மனைவி ஜெகதீஸ்வரியும், மகள் சுமித்திராவும் இருந்தார்கள். சுமித்திராவுக்கு ஆறு வயது. என் மனைவி வடிவம்மாவும் முன்னால் ஏறியிருந்தாள். நான் அவளை இறங்கச் சொல்லி, பஸ்ஸில் போவோம் என்றேன்.

மாங்குளத்தில் பஸ் மாறி நாங்கள் முள்ளியவளைக்குக் கிட்டப் போகும்போது தெருவில் சனம் கூடியிருந்தது. மாடுகள் குறுக்கே வந்திருக்கின்றன. அவன் மிதித்திருக்கிறான். லொறி நிற்காமல் விலகி, மதகுச் சுவரில் இடப்பக்கமாக மோதியிருக்கிறது. பின்னால் இருந்தவர்கள் காயத்தோடு தப்பினார்கள். சிவராசாவுக்குக் கை முறிந்தது. ஜெகதீஸ்வரியும் சுமித்திராவும் அந்த இடத்திலேயே முடிந்துவிட்டார்கள்.

எல்லாரையும் ஆஸ்பத்திரிக்கு ஏற்றி அனுப்பும்வரை நானும் தூக்கிக் கொடுத்தேன். பிறகு லொறிக்குக் காவல் நிற்கிறேன் என்று சொல்லி நின்றேன். நெளிந்த எஞ்சின் மூடியைக் கம்பியால் நெம்பி, போல்ட்டைப் பிடுங்கிவிட்டுக் குழாயைப் பழையபடி பூட்டினேன். போல்ட்டை வாய்க்காலில் எறிந்தேன். வாகனத்தைச் சோதிக்க வந்தவர் பூஸ்டர் கிழிந்திருப்பதைக் கண்டார். மோதியதில் கிழிந்தது என்று எழுதினார். சாரதியின் கவனயீனம் என்று முடிந்தது.

பிணையில் வந்தபின் சிவராசா ஒருநாள் என் முற்றத்தில் வந்து இருந்தான். பிறகு சொன்னான்.

"நீங்கள் வடிவாத்தான் செய்து தந்தனீங்கள் அண்ணை. என்ர கால்தான் பிந்திப்போச்சுது. என்ர பிள்ளையை நான்தான் கொன்றனான்."

அப்போதும் நான் தேத்தண்ணீர்தான் கொடுத்தேன். உண்மையைச் சொன்னால் அவனுக்கு இன்னும் துக்கம் கூடும் என்று என்னை நானே தேற்றிக்கொண்டேன். எட்டு மாதம் அப்படியே போனது.

போன கிழமை வடிவம்மா கறிக்கு வெங்காயம் உரித்தபடி, தலையை நிமிர்த்தாமல் கேட்டாள்.

"அண்டைக்கு ஏன் என்னை மட்டும் இறக்கினீங்கள்?"

"முன்னுக்கு நெருக்கமா இருந்ததெல்லோ" என்றேன்.

அவள் வெங்காயத்தை அப்படியே விட்டுவிட்டு எழும்பிப் போனாள். அன்றிலிருந்து அவள் என்னோடு கதைப்பதில்லை.

பிரேக் பிடிக்காது என்று எனக்குத் தெரியாது என்றுதான் உங்களிடமும் சொல்ல நினைத்து வந்தேன். ஆனால் முன்னால் நெருக்கம் இருக்கவில்லை ஐயா. ஜெகதீஸ்வரி தன் பிள்ளையைத் தூக்கி மடியில் வைத்து, அரக்கி இருந்து, வடிவம்மாவுக்கு இடம் விட்டிருந்தாள்.