நனைக்காமல் எடுத்த துணி

காப்பி வாங்கிக் கொடுத்தீர்கள், சந்தோஷம் ஐயா. சாப்பிட்டாயா என்று யாராவது கேட்டாலே எனக்குப் பாதி வயிறு நிறைந்துவிடும்.

என் பெயர் சந்தனமேரி. ஆஸ்பத்திரியில் அந்தப் பெயரை யாரும் சொல்வதில்லை, நர்சம்மா என்பார்கள். வேலை முடிந்ததும் திருக்கோகர்ணத்தில் என் அறைக்குப் போய், கொஞ்சம் சோறு பொங்கிச் சுவரைப் பார்த்துக்கொண்டு சாப்பிடுவேன். பெற்றவர்கள் காலராவில் போனார்கள். அழுவதற்காகச் சொல்லவில்லை, விவரத்துக்காகச் சொல்கிறேன்.

நர்சு படிப்பில் முதல் பாடமே மனிதனின் தேவைகள்தான். காற்று, தண்ணீர், சாப்பாடு, தூக்கம், சுத்தம், அப்புறம் பக்கத்தில் ஒரு ஆள். வியாதி இல்லாமல் இருப்பது மட்டும் ஆரோக்கியமில்லை, மனசும் நிறைந்திருக்க வேண்டும் என்றும் சொன்னார்கள். மற்றவர்கள் மனப்பாடம் செய்தார்கள். நான் நம்பினேன்.

கோட்டைப்பட்டினத்திலிருந்து ரம்லத் பீவியை அவள் தாயார் ஹவ்வா உம்மாள் கொண்டுவந்து சேர்த்தார். பாதத்தில் சிப்பி கிழித்த புண். புருஷன் ஜைனுதீனுக்குக் கொழும்பில் கடை வேலை. சின்னக் குழந்தை நூர்நிஷாவை வீட்டில் விட்டு வந்திருந்தாள். முதல் நாளே என்னை லாத்தா என்றாள். அவர்கள் அக்காவை அப்படித்தான் கூப்பிடுவார்கள். "சாப்பிட்டீங்களா லாத்தா" என்று கேட்காமல் கட்டுப் பிரிக்கக் காலை நீட்டமாட்டாள்.

புண் ஆறத் தொடங்கியது. எனக்கு அது பிடிக்கவில்லை.

ஆறுகிற புண்ணில் கட்டுத்துணி ஒட்டிக்கொள்ளும். உப்புத்தண்ணீர் விட்டு ஊறவைத்து மெதுவாக எடுக்க வேண்டும். காய்ந்தபடியே உரித்தால் புதுச் சதையும் கூடவே வந்துவிடும். நான் காய்ந்தபடியே உரித்தேன். ஊட்டம் போதவில்லை என்று டாக்டர் பாலும் முட்டையும் எழுதினார். நானே பக்கத்தில் உட்கார்ந்து கொடுத்தேன். வீட்டில் அவளுக்கு யார் முட்டை கொடுப்பார்கள்? அங்கே தண்ணீர் சுமக்க வேண்டும், மீன் அலச வேண்டும். இங்கே கட்டில், தூக்கம், நான். பாடத்தில் சொன்ன எல்லாம் இருந்தது.

பெருநாளுக்கு ஜைனுதீன் வருகிறார் என்று ஹவ்வா உம்மாள் வந்து சொன்னார். குழந்தை இப்போது பாட்டியான தன்னைத்தான் உம்மா, அதாவது அம்மா, என்று கூப்பிடுகிறதாம். தாயார் போன பிறகு ரம்லத் வெகுநேரம் அழுதாள். மறுநாள் கட்டுப் பிரிக்கப் போனபோது என் கையைப் பிடித்தாள்.

"மத்த நர்சம்மா ஊற வச்சுத்தான் எடுக்குறாங்க. நீங்க மட்டும் காஞ்சதோட இழுக்குறீங்க. எனக்குத் தெரியும் லாத்தா."

நான் கையை விடுவித்துக்கொண்டு கட்டின் முடிச்சை அவிழ்த்தேன்.

"யார்ட்டயும் சொல்லமாட்டேன். என்னைய விட்ருங்க. பெருநாளைக்கு எங்க வீட்டுக்கு வாங்க, எம்மவள உங்க மடியில போடுறேன்."

யாரும் என்னை அப்படி அழைத்ததில்லை. ஆனால் குணமாகிப் போகிற எல்லாரும் வரச்சொல்லித்தான் போகிறார்கள். பேருந்து ஏறியதும் மறந்துவிடுகிறார்கள். இவளும் மறந்துவிடுவாள் என்று தோன்றியது. இடுக்கியை எடுத்தேன். பக்கத்துக் கட்டில்காரியின் சீழைத் துடைத்த இடுக்கி. அதைக் கொதிக்க வைக்க வேண்டும் என்று தெரியும். தண்ணீர் அடுப்பில் கொதித்துக்கொண்டுதான் இருந்தது.

காய்ச்சல் கண்டது. கால் தொடைவரை வீங்கியது. பென்சிலின் கேட்கவில்லை. ஜைனுதீன் வந்து சேர்வதற்குள் போய்விட்டாள். கடைசிவரை அவள் கையை நான்தான் பிடித்திருந்தேன்.

அவள் சொன்னபடி யாரிடமும் சொல்லவில்லை. தாயாரிடம் ஒன்று மட்டும் சொல்லியிருக்கிறாள். துக்க வீடு என்றாலும் ஹவ்வா உம்மாள் ஆள் அனுப்பினார். பெருநாள் சோற்றுக்கு லாத்தாவைக் கூப்பிடச் சொல்லிவிட்டுப் போயிருக்கிறாளாம்.

போனேன். இலையில் கறி அள்ளி வைத்தார்கள். குழந்தையை மடியில் போட்டார்கள். அதன் முழங்காலில் ஒரு சிராய்ப்பு. நானே கட்டுப் போட்டுவிட்டேன். மறுபடியும் போனேன், மறுபடியும் போட்டேன். ஆறுவதற்கு நாளானது. அன்றைக்கு நான் துணியை இழுத்தபோது குழந்தை வீறிட்டது. அடுப்படியிலிருந்து ஓடிவந்த ஹவ்வா உம்மாள் என் கையில் இருந்த காய்ந்த துணியைப் பார்த்தார். ஆஸ்பத்திரியில் மற்ற நர்சு எப்படி எடுப்பாள் என்று அவர் பார்த்திருக்கிறார். ஊரைக் கூட்டிவிட்டார். அப்படித்தான் இந்தப் போலீஸ் ஸ்டேஷனுக்கு வந்தேன்.

எழுதிக்கொள்ளுங்கள், எல்லாம் நான் செய்ததுதான். நூர்நிஷாவுக்கு இப்போது யார் கட்டுப் போடுகிறார்கள் என்று மட்டும் கேட்டுச் சொல்லுங்கள் ஐயா. பழகாத கை பட்டால் பிள்ளைக்கு வலிக்கும்.