இறாலுக்கு நெறம் திரும்பும்

ஆமாக்கா, போட்டோல இருக்கறது மூத்தவ நௌஷீன்தான். கோமுகி அணையில வலையோட நிக்கிறா. இல்லக்கா, மொகத்துல இருக்கறது வெயில் இல்ல, வெண்புள்ளி. பன்னெண்டாவது படிக்கறப்ப ஒதட்டோரமா வந்துது, அப்புறம் கழுத்து, கையின்னு பரவிடுச்சு. ஒட்டிக்கிற நோவு இல்லக்கா, நீங்க டீயக் குடிங்க.

அதனாலதான் சுவாலஜி எடுத்தா. இறாலு எப்பிடி நெறம் மாறுதுன்னு ஆராய்ச்சி. வெள்ளக் கிண்ணத்துல வுட்டா வெளிறிப் போவும், கறுப்புக் கிண்ணத்துல வுட்டா கருத்துடும். இது இன்னாடி மாயம்னேன். காலேஜுக்கே கூட்டிக்கினு போயி மைக்ராஸ்கோப்புல காட்னா. தோலுக்கடியில ஒவ்வொரு செல்லும் வேர் வுட்டாப்ல கெளை கெளையா கீது. உள்ள பொடிப்பொடியா சாயம். அது கெளை பூரா பரவுனா ஒடம்பு கருக்குமாம், நடுவுல வந்து குமிஞ்சா வெளுக்குமாம். செல்லு அப்பிடியே இருக்கும், சாயந்தான் உள்ளயே போய்க்கினு வந்துகினு இருக்கும். கண்ணத் தாங்கி நிக்கிற தண்டுல ஊறுற ஏதோ ஒண்ணுதான் அதப் போன்னும் வான்னும் சொல்லுதாம்.

அப்ப உனுக்கும் நெறம் திரும்பி வருமாடின்னேன். அவ நிமிரவே இல்ல. இறாலுக்கு சாயம் உள்ளயே ஒளிஞ்சிக்கினு இருக்கும்மா, எனுக்கு சாயம் செய்யிற செல்லே செத்துப்போச்சுன்னா.

மாப்ள வூட்டுக்காரங்க வந்து வந்து பாத்துட்டுப் போனாங்க. கடைசியா வந்தவங்களுக்குத் தெரியாம எங்க நாத்தனா பவுடர அப்பி மறைச்சுட்டா. நிக்காவுக்கு நாள் குறிச்ச பெறவு தெரிஞ்சிடுச்சு. பஜார்ல எங்க கடை வாசல்ல நின்னுக்கினு ஏமாத்துக்காரங்கன்னு கத்துனாங்க. நௌஷீன் அப்ப கடைக்குள்ளதான் இருந்தா.

அன்னிக்கே அவ உசுர மாய்ச்சிக்கினா.

காய்ச்சல்ல போயிட்டான்னுதான் ஊர்ல சொல்லி வெச்சிருக்கோம். தரகரு உங்களுக்கும் அதத்தான் சொல்லியிருப்பாரு.

இல்லக்கா, உக்காருங்க. சின்னவள உங்களுக்குப் புடிச்சிருக்குன்னு சொன்னீங்க, சந்தோசம். அவங்க அத்தா எதுவும் சொல்ல வேணாம்னுதான் சொல்லிட்டுப் போனாரு. போன மாசம் இவளுக்கும் காதுக்குப் பின்னால ஒரு புள்ளி வந்திருக்குது.

சப்ரின், இப்பிடி வா. முக்காட்ட எடு. வெளிச்சத்துல திரும்பி நில்லும்மா, அவங்க பாக்கட்டும்.